இங்கிலீஷில் பந்தி பரிமாறியது

வார்த்தைகள் எல்லாம் வந்து விழுந்தால் போதும், வரிசை எப்படி இருந்தாலும் கேட்கிறவர் கலந்து சாப்பிட்டுக்கொள்வார். இங்கிலீஷைப் பற்றி மீசை நரைக்கும்வரை நான் நம்பிக்கொண்டிருந்தது இதைத்தான். தமிழில் அப்படித்தானே பிழைப்பு ஓடுகிறது?

மயிலாப்பூரில் எனக்குக் கல்யாணச் சமையல் தொழில். சைவம், அசைவம் இரண்டும் உண்டு. ஆடி பிறந்தால் முகூர்த்தம் கிடையாது. அடுப்பு அணைந்ததும் சமையல்காரர்கள் வேறு இடம் தேடிப் போவார்கள். பாதிப் பேர் திரும்புவதில்லை. இந்த வருடம் பெருங்குடியில் ஒரு கம்பெனி தினமும் மதியச் சாப்பாடு கேட்டது. கிடைத்தால் ஆட்கள் தங்குவார்கள். ஆனால் மேனேஜர் அம்மா வடக்கே இருந்து வந்தவர். நான் நேரில் போய் இங்கிலீஷில் விளக்க வேண்டுமாம்.

பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் எடுக்கும் என் மனைவியிடம் ஒத்திகை பார்த்தேன்.

"சிக்கன் ஈட்ஸ் கஸ்டமர்."

"ஏங்க, கோழி ஆளைத் தின்னுதுன்னு சொல்றீங்க."

"சிக்கனை கஸ்டமர் சாப்பிடுறார்னுதானே சொன்னேன்?"

"தமிழ்ல 'சிக்கனை'ன்னா கடைசில 'ஐ'ன்னு ஒரு வால் இருக்கு. எங்க போய் உக்காந்தாலும் அடையாளம் தெரியும். இங்கிலீஷ்ல அந்த வால் இல்ல. உக்கார்ற இடம்தான் அடையாளம். முதல்ல யாரு, அப்புறம் என்ன செய்றாரு, அதுக்கப்புறம்தான் எதை."

சாம்பார் வாளிக்கு முன்னால் மோர் வாளி ஓடினால் பந்தி என்ன கதியாகும்! சட்டென்று புரிந்துவிட்டது. புரிந்ததுதான் வினை. அதுவரை இல்லாத பயம் பிடித்துக்கொண்டது. பல் தேய்க்கும்போதும் கோழியையும் கஸ்டமரையும் மாற்றி மாற்றி உட்காரவைத்துப் பார்த்தேன்.

வேனில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தலைமைச் சமையல்காரர் கேட்டார்: "இன்னா நைனா, வாய்க்குள்ளயே கோழி மேய்ச்சிக்கினு வர்றியா?"

கம்பெனியில் முதலில் ருசி பார்க்கச் சாப்பாடு உள்ளே போனது. பிறகு எங்களைக் கூப்பிட்டார்கள். என் வலது கை தானாகவே கரண்டி பிடித்த மாதிரி மடங்கிக்கொண்டது. ஒவ்வொரு வார்த்தையாகப் பரிமாறினேன். "வீ... குக்... சிக்கன். கஸ்டமர்... ஈட்ஸ்... சிக்கன்."

மேனேஜர் அம்மா உள்ளங்கையைக் காட்டித் தடுத்தார்.

பந்தியில் இலைக்கு மேல் கை மறித்தால் 'போதும்' என்று அர்த்தம். ஆனால் அதைப் பார்த்ததும் நகர்ந்து போகிறவன் எங்கள் தொழிலுக்கு ஆகமாட்டான். இன்னும் ஒரு கரண்டி வைத்துவிட்டுத்தான் நகர வேண்டும். பழக்கதோஷம், வைத்தேன்.

"கஸ்டமர் ட்ரிங்க்ஸ் ரசம்."

மறுபடியும் மறித்தார்.

"கஸ்டமர் ட்ரிங்க்ஸ் பாயசம்!"

இரண்டு கையாலும் மறித்தார். பின்னால் நின்ற சமையல்காரர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "உடு நைனா! அந்தம்மாக்கு வயிறு ரொம்பிப் போச்சு!"

நடந்தது இதுதான்: நாங்கள் உள்ளே போவதற்கு முன்பே அவர்கள் சாப்பிட்டுப் பார்த்து, ஆர்டர் எங்களுக்குத்தான் என்று முடிவு செய்துவிட்டிருந்தார்கள். பேச வேண்டிய அவசியமே இல்லை என்று சொல்லத்தான் அந்த அம்மா கை காட்டியிருக்கிறார். ஆடி முதல் நாள் பெருங்குடிக்குச் சாப்பாடு போனது. சமையல்காரர்களில் ஒருவரும் வேலையை விட்டுப் போகவில்லை.