செல்லக்கிளியின் இடது கண்

காந்திமதி வாங்கிய அடிக்கெல்லாம் குடிதான் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் புருஷன் சிங்காரவேலு பீடிகூடத் தொடாதவன். அவன் அடித்தது மகளின் கண்ணுக்காக.

மகள் செல்லக்கிளிக்கு இரண்டு வயதில் இடது கண் மூக்குப் பக்கம் திரும்பிக்கொண்டது. ஏழு வருஷம் நிலக்கரி மைன்ஸில் காண்ட்ராக்ட்டில் கிடந்தவனை அந்த மாசமே பெர்மனென்ட் ஆக்கினார்கள். மாறுகண் ராசி என்று ஊரே சொல்லும். இவன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். தினமும் பிள்ளையை வாசலில் நிறுத்தி, அந்த முகத்தில் முழித்துவிட்டுத்தான் ஷிஃப்டுக்குச் சைக்கிளை எடுப்பான். இன்டர்வியூவுக்குப் போகிற குவார்ட்டர்ஸ் பிளாக்காரர்களும் குளித்து முழுகி வந்து பிள்ளை முன்னால் நிற்பார்கள். கூத்தைப் பாருங்கள்.

ஐந்து வயதில் கண் டாக்டரம்மா பார்த்துவிட்டுக் காந்திமதியிடம் உடைத்துச் சொன்னார். "இந்தக் கண்ணு சொல்றதை மூளை கேக்கிறதில்லம்மா, ஒதுக்கிடுச்சு. கண்ணாடி போடணும். நல்ல கண்ணைத் தினமும் நாலு மணி நேரம் பிளாஸ்திரி ஒட்டி மூடணும். வேற வழியில்லாம இது பார்க்கக் கத்துக்கும். ஏழெட்டு வயசு தாண்டிட்டா பார்வை திரும்புறது கஷ்டம்."

"ஆபரேஷன் பண்ணா சரியாயிடாதுங்களா?"

"தசையை இழுத்துத் தச்சு கண்ணை நேராக்கலாம். பார்வையை அது தராது."

சிங்காரவேலுவிடம் சொன்னாள். செவிட்டில் ஓர் அறை விழுந்தது. மறுநாளிலிருந்து அவன் ஷிஃப்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் பிளாஸ்திரி ஒட்டி, கண்ணாடி மாட்டிவிட்டாள். நல்ல கண்ணை மூடியதும் மாறுகண் தானாக நேருக்கு வந்துவிடும். ஆனால் எல்லாம் மங்கல். பிள்ளை கதவில் முட்டிக்கொண்டு அழும், பிளாஸ்திரியைப் பிய்க்கும். காந்திமதி பிள்ளையை அறைந்தாள், இரண்டு கையையும் துண்டால் கட்டிப்போட்டாள், பிறகு அடுப்படியில் போய்த் தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள். பெற்றவள் செய்கிற வேலையா இது? நாலு மாசம் விடாமல் செய்தாள்.

ஒரு நாள் சிங்காரவேலு ஷிஃப்டுக்குப் போகிற வழியில் சைக்கிளோடு விழுந்து, முட்டி பெயர்ந்து பாதியில் திரும்பி வந்தான். வீட்டுக்குள் மகளின் மாறுகண் அவனை நேராகப் பார்த்தது.

"ராசிய நேராக்கிட்டியாடி பாவி. அதான் வுழுந்தனா?"

பிளாஸ்திரியைப் பிய்த்தான். புருவத்து முடியும் கூடவே வந்தது. கண்ணாடியைக் காலில் போட்டு நொறுக்கினான். பெல்ட்டை உருவிக் காந்திமதியை முதுகிலும் தோளிலும் விளாசினான். அன்றைக்கு அவள் சும்மா வாங்கிக்கொள்ளவில்லை. இட்லிக் குண்டான் மூடியை எடுத்து அவன் முழங்கையில் ஓங்கிப் போட்டாள்.

"எம் பொண்ணு கண்ணு போய்ட்டா உன் பெர்மனென்ட் வந்து பார்வை குடுக்குமாய்யா?"

வாயில் குத்தினான். அவள் எதிர்ச் சுவரில் மோதி அப்படியே சரிந்து உட்கார்ந்தாள்.

அவனுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. மகளை இழுத்து நிறுத்தி, நல்ல கண்ணைத் தன் உள்ளங்கையால் பொத்தினான். "நாலு மாசமா புள்ளயச் சித்ரவத பண்ணிகினு இருந்தியே, இன்னா கிழிச்ச, கேட்டுக்கோ. ஏ பொண்ணே, இப்ப இன்னா தெரியுது, சொல்லு."

செல்லக்கிளி வெடவெடத்துக்கொண்டு நின்றாள். இடது கண் மெதுவாக நேராகி, சுவர்ப் பக்கம் போய் நின்றது.

"அம்மா வாயில ரத்தம்."

சிங்காரவேலு பொத்திய கையை எடுக்காமலே பெண்டாட்டி பக்கம் திரும்பினான். காந்திமதிக்குத் தாங்க முடியாத சந்தோஷம், கண்ணில் தண்ணீர் கொட்டியது. முந்தானையை எடுத்தவள் வாயைத் துடைக்காமல் கீழே விட்டாள்.

"இன்னும் இன்னா தெரியுது தங்கம், நல்லாப் பாத்துச் சொல்லு" என்றாள்.