பார்த்தீனியம் கருப்பண்ணனின் மஞ்சள் பூ

ஊரில் கருப்பண்ணனுக்குப் பெயர் கேஸ்காரர். அது தொழிலால் வந்த பெயர், அதில் அவருக்கு வருத்தம் இல்லை. ஜெயங்கொண்டத்து ஏஜென்சியிலிருந்து குட்டியானை வண்டியில் சிலிண்டர் ஏற்றிக்கொண்டு கங்கைகொண்ட சோழபுரம் வரைக்கும் வீடு வீடாக இறக்குகிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? வருத்தமெல்லாம் இரண்டாவது பெயரில்தான். 'செடி கொடி நண்பர்கள்' என்ற வாட்ஸ்அப் குழுவில் அவர் பெயர் 'பார்த்தீனியம்'.

அந்தப் பெயரை அவரே தேடிப் போய் வாங்கிக்கொண்டார். கோயம்புத்தூரில் படிக்கும் மகள் அபிநயா ஒருமுறை லீவுக்கு வந்தபோது, செடியைப் படம் எடுத்தால் பெயர் சொல்லும் ஆப் ஒன்றை அவர் போனில் ஏற்றிவிட்டுப் போனாள். அன்று பிடித்த பைத்தியம் விடவில்லை. சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டு, வீட்டுக்காரம்மா கேஸ் புத்தகத்தைத் தேடுகிற இடைவெளியில் கொல்லைப் பக்கம் போய்க் குனிந்துகொள்வார். ஆள் எதையோ தொலைத்துவிட்டார் என்று நினைத்துச் சிலர் கூட வந்து தேடியதும் உண்டு.

குழுவை நடத்துகிறவர் ஜெயங்கொண்டத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் ராஜவேல். படித்தவர், காடு தோட்டம் உள்ளவர், வீட்டுக்கு சிலிண்டர் போட வந்த கருப்பண்ணனின் ஆர்வத்தைப் பார்த்து அவரே சேர்த்துக்கொண்டார். சேர்ந்த அன்றைக்கே கருப்பண்ணன் ஒரு படம் போட்டார். 'பெயர் தெரியாத அழகிய வெண்மலர். மூலிகையாக இருக்குமோ?' என்று கீழே எழுதினார். ஆப்பைக் கேட்டுவிட்டுப் போட்டிருக்கலாம். ஆனால் மூலிகையைப் பார்த்தால் தெரியாதா, இதற்கெல்லாம் ஆப் எதற்கு என்று இருந்துவிட்டார். ராஜவேல் உடனே பதில் போட்டார். அது பார்த்தீனியமாம், தொட்டால் அரிக்குமாம், பார்த்த இடத்தில் பிடுங்கி எறிய வேண்டுமாம். கருப்பண்ணன் அதற்குள் அதில் ஒரு கொத்தைப் பறித்து டம்ளர் தண்ணீரில் போட்டு டிவி பக்கத்தில் வைத்திருந்தார். கையும் அரித்துக்கொண்டுதான் இருந்தது.

அதிலிருந்து அவர் என்ன படம் போட்டாலும் யாராவது ஒருவர், 'பார்த்தீனியம் அண்ணன் வந்துட்டாரு, கையைக் கழுவிட்டுப் பாருங்க' என்று எழுதுவார். மற்றவர்கள் சிரிக்கிற பொம்மையைப் போடுவார்கள். கருப்பண்ணனும் ஒரு சிரிக்கிற பொம்மையைப் போட்டுவிட்டு, போனைச் சட்டைப் பைக்குள் தள்ளிவிடுவார். ஒரே ஒரு செடி, யாரும் பார்க்காத செடி ஒன்றைத் தான் கண்டுபிடித்துக் காட்டிவிட்டால் இந்தப் பெயர் ஒழியும் என்று அவருக்குத் தோன்றியது. ஐம்பது வயதைத் தாண்டிய மனிதனுக்கு இருக்க வேண்டிய லட்சியமா இது என்று அவரே தன்னைக் கேட்டுக்கொள்வார். ஆனாலும் வாய்க்கால் ஓரம் போனால் கண் தானாகத் தரையைத் தேடியது.

தேடியது மாசி மாதத்தில் கிடைத்தது. அதுவும் அவர் வீட்டுக்குப் பின்னாலேயே, வாய்க்கால் மேட்டில், யாரும் காலடி வைக்காத ஒரு மூலையில். இடுப்பளவு உயரத்தில் கொத்தாகச் சில செடிகள். உச்சியில் மஞ்சள் பூ, அதற்குக் கீழே குச்சி குச்சியாகக் காய். ஆப் முதலில் ஒரு வெள்ளைக்காரப் பெயர் சொன்னது, இன்னொரு படம் எடுத்துக் காட்டினால் வேறு வெள்ளைக்காரப் பெயர் சொன்னது. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அது மாறவில்லை. தானாக முளைக்கும் பூண்டு, முட்டைக்கோஸ் குடும்பம்.

முட்டைக்கோஸுக்குக் குடும்பம் இருக்கிறது என்பதே அவருக்கு அன்றுதான் தெரியும். விடுவாரா? பூதக்கண்ணாடி ஒன்றை வாங்கிவந்து வாய்க்கால் மேட்டில் குப்புறப் படுத்துக்கொண்டார். இதழ் நாலு, கூட்டல் குறி போட்ட மாதிரி. நடுவே மகரந்தக் காம்பு ஆறு, அதில் நாலு நெட்டை, இரண்டு குட்டை. கோஸ் குடும்பத்துக்கு ஆப் சொன்ன அடையாளம் அத்தனையும் அப்படியே இருந்தது. படத்தைக் குழுவில் போட்டு, 'நமது மாவட்டத்தில் இதுவரை யாரும் பதிவு செய்யாத காட்டுச் செடி. கண்டறிந்தவர்: கருப்பண்ணன்' என்று எழுதினார். கண்டறிந்தவர் என்ற சொல்லை மட்டும் மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்.

"நாய்க்கடுகா இருக்கும், பாத்துக்கங்க" என்று ராஜவேல் குரல் பதிவு அனுப்பினார்.

கருப்பண்ணன் இதற்குத்தான் காத்திருந்தார். நாய்க்கடுகின் இலை கையில் பிசுபிசுவென்று ஒட்டும், நாற்றமடிக்கும், மகரந்தக் காம்பு எண்ணி மாளாது. இதில் அப்படி எதுவும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் என்று வரிசையாகப் போட்டு, கடைசியில் 'ஆகவே இது நாய்க்கடுகு அல்ல' என்று முடித்தார்.  அரியலூரில் இருக்கும் சுந்தராம்பாள், கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவர், குழுவில் வாயே திறக்காதவர், 'ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பார்க்கிறேன்' என்று எழுதினார். அப்படியானால் நாங்களும் வருகிறோம் என்று மற்றவர்களும் கிளம்பிவிட்டார்கள்.

கருப்பண்ணனுக்குத் தரையில் கால் பாவவில்லை. ஆடு மேய்ந்துவிடக் கூடாது என்று கருவேல முள்ளை வெட்டிவந்து செடிகளைச் சுற்றி வேலி போட்டார். மனைவி வேம்புவிடம், "அந்தப் பக்கம் யாரும் போவக் கூடாது. கெவர்மெண்டு விசயம்" என்று மட்டும் சொன்னார். வேம்பு அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை லோடு சீக்கிரம் முடிந்துவிட்டது. சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்தவர் நன்றாகவே தூங்கிப்போனார். விளக்கு வைக்கிற நேரத்தில் வளையல் சத்தம் கேட்டு அரைக்கண்ணைத் திறந்தார். வேம்பு அவர் தலைமாட்டிலிருந்து நகர்ந்து, வலது கையை இறுக்க மூடிக்கொண்டு, கொல்லைக் கதவைத் திறந்து போனாள். போன திசை சரியில்லை. கருப்பண்ணன் எழுந்து வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே போனார்.

நேராக முள்வேலிக்குப் போனாள் வேம்பு. வேலிக்கு மேலே கையை நீட்டி, மூடியிருந்ததை உள்ளே விசிறினாள்.

"ஏ புள்ள! என்னத்தப் போடுற? அதுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியுமா?" என்று கத்தினார் கருப்பண்ணன்.

வேம்பு பதில் சொல்லவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. அவர் அங்கே இருப்பதே தெரியாதவள் போல நேராக வீட்டைப் பார்க்க நடந்தாள். "உன்னத்தான் கேக்குறேன், காது கேக்கலயா?" என்றதற்கும் பதில் இல்லை. கருப்பண்ணன் முள்ளை விலக்கி உள்ளே பார்த்தார். கல்லுப்பு கிடந்தது. காய்ந்த மிளகாய் கிடந்தது. பக்கத்தில் பழைய மிளகாய்க் காம்புகளும் மக்கிக் கிடந்தன. உப்புக்கு நடுவே கறுப்புக் கறுப்பாக உருண்டை உருண்டையாக ஏதோ சிதறியிருந்தது.

 தன் செடியில் முற்றியிருந்த காய் ஒன்றைப் பறித்து உள்ளங்கையில் நசுக்கினார். அதே உருண்டை. ஒன்றை எடுத்துப் பல்லில் வைத்தார். சந்தேகமே இல்லை, நேற்று ரசத்தில் மிதந்த அதே சரக்கு. இந்தப் பக்கம் முந்திரி விளையும், கரும்பு விளையும், மக்காச்சோளம் விளையும். கடுகு மளிகைக் கடையில் விளைகிறது என்றே இத்தனை வருஷமும் இருந்துவிட்ட மனிதன், மாவட்டத்தில் யாரும் காணாத காட்டுச் செடி என்று அதைச் சுற்றி முள்வேலி போட்டிருக்கிறான். நாய்க்கடுகு அல்ல என்று படம் போட்டு நிரூபித்தாயே மகாராசா, நாயை மட்டும் எடுத்துவிட்டுப் பார்த்திருந்தால் போதுமே என்று தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது வேம்பு காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவி முடித்ததும்தான் வாயைத் திறந்தாள்.

"சுத்திப் போட்டுட்டுப் போறப்ப பேசக் கூடாதுன்னு தெரியாதா உங்களுக்கு? கூப்புடுறாரு, கத்துறாரு!"

"யாருக்குச் சுத்துன?"

"வூட்டுல வேற யாரு இருக்கா? உங்களுக்குத்தான்."

"எனக்கா?" கருப்பண்ணனுக்கு உண்மையிலேயே புரியவில்லை. திருஷ்டி, கண்ணேறு என்றாலே அவர் கேலி பேசுவார். சுற்ற விடவும் மாட்டார். அதனால்தான் அவள் தூங்கும்போது சுற்றியிருக்கிறாள். "எம் மேல கண்ணு வைக்க என்னா இருக்கு?"

"என்னா இல்ல? உங்க வயசுக்காரங்க பாதிப் பேரு முட்டி தேஞ்சு உக்காந்திருக்காங்க. நீங்க சிலிண்டரத் தோள்ல வச்சிட்டு மாடி மாடியா ஏறுறீங்க. அதப் பாக்குற கண்ணு சும்மாவா இருக்கும்? மார்கழியிலேருந்தே சுத்திட்டுத்தான் இருக்கேன்."

"சரி, அடுப்புல போட வேண்டியதுதான? அதான வழக்கம்?"

"எந்த அடுப்புல போடுறது? ஊரு பூரா கேஸக் கொண்டாந்து வச்சது நீங்கதான? மொளகாயும் கடுகும் போட்டா பர்னர் அடைச்சிக்கும்னு சொன்னதும் நீங்கதான். அதான் கால் படாத எடமாப் பாத்துப் போட்டேன்."

கருப்பண்ணன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். மார்கழி மழையில் உப்பு கரைந்து ஓடியிருக்கும், கடுகு மட்டும் தங்கி முளைத்திருக்கும். வெட்கமாக இருந்தது. அதற்குக் கீழே வேறு ஒன்றும் இருந்தது. தன்னை ஒரு பொருட்டாக நினைத்து யாராவது பொறாமைப்படுவார்கள் என்று அவர் கனவில்கூட நினைத்ததில்லை. பயந்து பயந்து சுற்றிப்போடுகிற அளவுக்கு ஒருத்தி அதை நம்பியிருக்கிறாள். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

மறுநாள் முழுக்க 'யாரும் வர வேண்டாம்' என்று குழுவில் எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தார். காய்ச்சல் என்று சொல்லலாம், ஆடு மேய்ந்துவிட்டது என்று சொல்லலாம். எந்த ஆட்டின் மேல் பழி போடுவது என்பது வரைக்கும் யோசித்துவிட்டார். கடைசியில் எதையும் அனுப்பாமல், ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். மாட்டிக்கொள்வதற்கு எதற்கு வெள்ளைச் சட்டை என்று அவருக்கே தெரியவில்லை.

கார்களும் பைக்குகளுமாக வந்து இறங்கினார்கள். வேலியைப் பார்த்ததும் ராஜவேலே ஒரு நிமிஷம் மிரண்டுபோனார். சுந்தராம்பாள் புடவையைச் செருகிக்கொண்டு குனிந்து, பையிலிருந்து லென்ஸை எடுத்தார். இனி தான் வாயைத் திறக்காவிட்டால் அந்த அம்மா திறந்துவிடுவார் என்று கருப்பண்ணனுக்குத் தெரிந்தது.

"அதுக்கு லென்ஸ் வேணாம் மேடம். கடுகு. எங்க வூட்டு அஞ்சறைப் பெட்டிக் கடுகு. எம் பொண்டாட்டி எனக்குச் சுத்திப் போட்டது மொளைச்சிருக்கு" என்றார் கருப்பண்ணன்.

 வாய்க்கால் கரையே அதிரும்படி சிரித்தார்கள். சுந்தராம்பாள் மட்டும் சிரிக்காமல் ஒரு காயைப் பிளந்து பார்த்துவிட்டு, "கோஸ் குடும்பம்னு நீங்க சொன்னது சரிதாங்க. பூவப் பாத்த விதமும் சரி. ரெண்டு நாள் பொறுத்துக் காயைப் பாத்திருந்தா பேரையும் சொல்லியிருப்பீங்க" என்றார். அந்தச் சிரிப்பில் அது பாதிப் பேர் காதில் விழவில்லை.

"பார்த்தீனியம் போச்சு, கடுகு வந்துச்சு!" என்றார் ராஜவேல், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அது கிடக்கட்டும் கருப்பண்ணன், உம்ம மேல யாருய்யா கண்ணு வைக்கப் போறா?"

இரண்டு நாளைக்கு முன்னால் வேம்புவிடம் கருப்பண்ணனே கேட்ட கேள்விதான். இப்போது ராஜவேல் வாயிலிருந்து வந்தபோது சுருக்கென்று கோபம் வந்தது. தன்னைத் தான் கேலி செய்துகொள்ளலாம், அது வீட்டுப் பழக்கம். வேம்புவின் நம்பிக்கையை எவனும் கேலி செய்யக் கூடாது என்று தோன்றியது. ஆனால் என்ன சொல்வது? 

டீத் தட்டோடு வந்த வேம்பு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் வந்திருந்தாள். ராஜவேலிடம் முதல் டம்ளரை நீட்டினாள்.

"ஏன் சார், ஞாயித்துக்கெழம அதுவுமா இத்தன பேரு வண்டி கட்டிக்கிட்டு இவரப் பாக்க வந்திருக்கீங்க. இது பத்தாதுங்களா?"

ராஜவேல் டீயை வாங்கி மளமளவென்று குடித்தார். சூடு பட்டு நாக்கு வெந்திருக்கும்.

எல்லோரும் போன பிறகு, சாயங்காலம், குழுவில் அவருக்குக் கடுகு அண்ணன் என்று பெயர் மாறியிருந்தது. இதற்குப் பார்த்தீனியமே தேவலையோ என்று யோசித்துக்கொண்டிருந்தபோது வேம்பு வந்து நின்றாள். கையில் உப்பும் மிளகாயும் இருந்தன. கடுகு மட்டும் இந்தத் தடவை டப்பாவிலிருந்து வரவில்லை, வேலிக்குள்ளிருந்து பறித்து உதிர்த்திருந்தாள்.

"கெழக்கப் பாத்து உக்காருங்க. அத்தன கண்ணும் பட்டிருக்கு."

கருப்பண்ணன் மறுபேச்சுப் பேசாமல் உட்கார்ந்தார். தனக்குச் சுற்றிப்போடுவதை அவர் முழித்திருந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை. தலையைச் சுற்றி அவள் கை மெதுவாக வந்து வந்து போனது. உதடு எதையோ முணுமுணுத்தது, யார் யார் கண்ணையோ பெயர் சொல்லி விரட்டிக்கொண்டிருந்தாள். கையை நீட்டித் துப்பச் சொன்னாள், துப்பினார். அவள் கையை மூடிக்கொண்டு வாய்க்கால் பக்கம் நடந்தாள்.

உப்பை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போடு, செடி கருகிடப் போகுது என்று சொல்ல அவருக்கு வாய் வரை வந்தது. பேசக் கூடாது என்பதால் சும்மா இருந்தார்.