பழுக்கும் முன்னே உதிர்ந்த மாங்கனி

ஓசூர் பாகலூர் சாலையில் பிளெக்ஸ் கடை வைத்திருக்கும் தௌசிப்பைத் தெரியாத சாவு வீடு அந்தப் பக்கத்தில் கிடையாது. கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் பேனர் அடிப்பான் என்றாலும், கண்ணீர் அஞ்சலிக்கு அவன் கட்டும் வரிக்குத்தான் பேர். தையல்காரருக்கு அறுந்த நூல், லாரி ஓட்டியவருக்கு முடிந்துபோன நெடுஞ்சாலை என்று ஆளுக்குத் தகுந்த உவமை தேடுவான். அடுத்த கடைக்காரன் செத்தவர்களை எல்லாம் ஒரே ரோஜாவாக உதிர்த்துக்கொண்டிருந்ததால் தௌசிப்புக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருக்கட்டும், உழைத்துச் சம்பாதித்த தலைக்கனம்தான்.

அன்று காலை லேபர் கான்ட்ராக்டர் செல்வம் கடைக்குள் வந்த வேகமே சரியில்லை. அவன் ஆள் அனுப்பும் சூளகிரிப் பக்கத்துத் தொழிற்சாலையில் முந்தின நாள் முனிராஜ் என்ற பையன் பிரஸ் மிஷினில் நசுங்கிச் செத்திருந்தான். உடல் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் இருந்தது. மற்ற தொழிலாளிகள் கம்பெனி வாசலை விட்டு நகரவில்லை.

"கொதிச்சுப்போயி உக்காந்திருக்கானுங்க பாய். பேனரப் பாத்தா அழுவணும், கோவம் கரைஞ்சிடணும். நீதான் எழுதணும்."

கடையை ஓட்டுவதே செல்வம் தரும் ஆர்டர்கள்தான். அவன் முகம் திருப்பினால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான். முனிராஜ் மாந்தோப்புகள் நடுவே வளர்ந்தவன் என்று கேட்டதும் தௌசிப்புக்கு வரி வந்துவிட்டது: 'பழுக்கும் முன்னே உதிர்ந்த மாங்கனியே.'

"இதான் பாய் வேணும்," என்றான் செல்வம். வழக்கம்போல அடியில் அவன் கைகூப்பி நிற்கும் படமும் 'கண்ணீருடன் செல்வம்' என்ற பெரிய எழுத்தும் ஏறின. பிறகு செல்வம் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய் மேனேஜரிடம் கன்னடத்தில், எல்லாம் முடிந்தது, கவலை வேண்டாம் என்று சொல்லத் தொடங்கினான்.

முனிராஜின் படத்தைக் கொண்டுவந்தவள் அவன் தங்கை ரூபா. அதே கம்பெனியில் பேக்கிங்கில் இருப்பவள். அழுது வீங்கிய கண்ணோடு திரையிலிருந்த வரியை மெதுவாக வாசித்தாள்.

"எங்கண்ணன் உதிரலண்ணா," என்றாள். "கை உள்ள போனா மிஷினு தானா நிக்கணும். வேல சுணங்குதுன்னு அந்த சென்சார ஆஃப் பண்ணி வெச்சிருந்தாங்க. வேணாம்னு சொன்னவன இந்தப் படத்துல கும்புட்டு நிக்கற ஆளுதான் மெரட்டி நிக்க வெச்சாரு. தானா உதிர்ற பழத்துல பால் வடியாதுண்ணா. பச்சக்காய உலுக்கினாதான் வடியும். யாரு உலுக்கினதுன்னு எழுத மாட்டீங்களா?"

தன் அழகான வரி ஒரு கொலையைக் காற்றின் தலையில் கட்டிவிட்டதே என்று தௌசிப்புக்கு வெட்கமாக இருந்தது. ரூபா உடலை வாங்கக் கிருஷ்ணகிரிக்குக் கிளம்பிப் போனாள். அவள் கேட்டது மட்டும் கடைக்குள்ளேயே நின்றது.

செல்வம் திரும்பி வந்து, "அடிச்சிட்டியா?" என்றான்.

"நீங்க போங்கண்ணா. நானே எடுத்தாந்து கட்டிடறேன்."

செல்வம் போனதும் தௌசிப் திரையின் முன் உட்கார்ந்தான். வீடு, கடை வாடகை, மகள் ஜைபாவின் பள்ளிக்கூடம் எல்லாம் வரிசையாக வந்து பயமுறுத்தின. அவனுக்கு உண்மையிலேயே பயம்தான். பயந்துகொண்டேதான் வரியை அழித்து வேறு எழுதினான்.

மாலையில் ஆம்புலன்ஸ் வந்து நின்றபோது கம்பெனி வாசலில் பேனர் விரிந்தது.

'தானாய் உதிரவில்லை எங்கள் மாங்கனி.
காம்பில் இன்னும் பால் வடிகிறது.'

வாசலில் இருந்தவர்களில் பாதிப்பேர் மாந்தோப்பில் கூலிக்குப் போனவர்கள். யாரும் யாரையும் அர்த்தம் கேட்கவில்லை. உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

பூமாலையோடு வந்த செல்வம் நிமிர்ந்து பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. கிழித்துப் போடலாம் என்றால், வரிக்குக் கீழே கைகூப்பி நிற்பது அவனேதான்.

"பாய், என்னா பண்ணி வெச்சிருக்க?" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. தௌசிப் பேனரின் கயிற்றை விடாமல் பிடித்திருந்தான்.

ஆம்புலன்ஸிலிருந்து இறங்கிய ரூபா வரியைப் படித்தாள், அடியில் இருந்த பேரையும் படித்தாள். நேராகச் செல்வத்திடம் வந்தாள்.

"நீங்களே உங்க பேரு போட்டு எழுதியிருக்கீங்க. சொல்லுங்கண்ணா, யாரு உலுக்கினது?"