சவரிநாதன் சாரின் குட்டைக் கோடு

விம்கோ நகர் மாடி ஒன்றில் சவரிநாதன் சார் டியூஷன் நடத்தினார். வேலைக்குப் போகிறவர்கள் தனித்தேர்வு எழுதிப் பத்தாவது பாஸ் செய்ய அங்கேதான் வருவார்கள். வாசல் போர்டில் ‘கணக்குப் புலி’ என்றிருக்கும். எழுதிப் போட்டுக்கொண்டது அவரேதான். உள்ளே சுவரை அடைத்து ஒரு பிளெக்ஸ், அதில் இருபடிச் சமன்பாட்டின் சூத்திரம். முப்பது பேரும் அதைப் பார்த்து, “மைனஸ் பி, பிளஸ் ஆர் மைனஸ்” என்று கத்த வேண்டும். சார் போனை நோண்டிக்கொண்டிருப்பார். கடைசியில் கைடைப் பார்த்து விடையை மட்டும் எழுதிப் போடுவார். நடுவில் என்ன நடந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை.

எல்சியும் இரண்டு வருடம் கத்தினாள். கன்டெய்னர் யார்டில் அவள் ஒப்பந்தக் கூலி. பெட்டியின் சீல் நம்பரை எழுதியதும், திரும்பப் பெட்டிக்கே போய்ப் படித்துச் சரிபார்ப்பது அங்கே பழக்கம். பத்தாவது பாஸானால் அதே வேலையில் நிரந்தரக் கிளார்க் ஆகிவிடலாம். போன தேர்வில் கணக்கில் முப்பத்தொன்று வாங்கி, நாலு மார்க்கில் கோட்டைவிட்டாள். கூடப் படித்த தப்ரேஸுக்கு இருபத்தொன்பது. மொத்தம் பதினோரு பேர் ஃபெயில். எல்லார் மண்டையிலும் களிமண் என்றார் சார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

ஒருநாள் யார்டில் சாப்பாட்டு வேளையில் x² − 5x + 6 = 0 என்ற கணக்கைப் போட்டாள். பிளெக்ஸ் சூத்திரப்படி ஐந்தரையும் நாலரையும் வந்தன. யார்டுப் பழக்கம் விடுமா? ஐந்தரையைத் திரும்ப வைத்துப் பார்த்தாள். பூஜ்யம் வரவேண்டிய இடத்தில் எட்டே முக்கால் வந்து நின்றது. பாடப்புத்தகத்தைப் புரட்டினாள். அங்கே வகுக்கும் கோடு மைனஸ் பி-க்கும் சேர்த்து நீளமாக ஓடியது. பிளெக்ஸ்காரன் கவனிக்காமல் அதை வர்க்கமூலத்துக்குக் கீழே மட்டும் போட்டிருந்தான். எல்லாவற்றையும் சேர்த்து 2a-யால் வகுத்தாள். மூன்றும் இரண்டும் வந்தன. திரும்ப வைத்துப் பார்த்ததில் இரண்டு விடைக்குமே பூஜ்யம் சரியாக வந்தது.

அன்று மாலை டியூஷனில் எழுந்து பிளெக்ஸைக் காட்டினாள். “சார், அந்தக் கோடு குட்டையா கீது. வெச்சிப் பாத்தா ஜீரோ வரல.”

“பொட்டி எண்றவளுக்கு இன்னா டவுட்டு? பிளெக்ஸ்ல கீறத அப்டியே எய்து.”

வகுப்பே சிரித்தது. எல்சிக்கு வெட்கமாக இல்லை, அருவருப்பாக இருந்தது. இந்த ஆளை நம்பியா இரண்டு வருடம் தொண்டை கிழியக் கத்தினோம் என்று நொந்துகொண்டாள். அன்றோடு நின்றுவிட்டாள். புத்தகத்தை வைத்துத் தானே படித்து, அடுத்த தேர்வில் கணக்கில் ஐம்பத்தெட்டு வாங்கினாள்.

ரிசல்ட் வந்த மறுநாளே சார் வீடு தேடி வந்தார்.

“புது பிளெக்ஸ்ல உன் மூஞ்சிதான் நடுவுல. ஒரு போட்டோ குடும்மா.”

“நாளிக்கி சென்டருக்கே வந்து நிக்கறேன் சார்.”

யார்டில் பெட்டிகள்மேல் எழுதும் தடித்த மார்க்கரோடு போனாள். பிளெக்ஸின் குட்டைக் கோட்டை மைனஸ் பி வரைக்கும் இழுத்துவிட்டு, அதற்குப் பக்கத்திலேயே நின்றாள்.

“இப்ப எட்துக்கோ சார்.”

கடைசி பெஞ்சில் தப்ரேஸ் எழுந்தான். “அப்ப நா ஃபெயிலானது இத்தாலதானா சார்?”

சார் போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.