செடிகளுக்கு மட்டும்

நீங்கள் எங்கள் அம்மாவை ஏமாற்றினீர்கள். கம்பெனி மதில் சுவருக்கு வெளியே ஒரு குழாயை வைத்து, அதற்கு மேலே பச்சைப் பலகை மாட்டியவர் யாரோ, அவரைத்தான் சொல்கிறேன். அந்தக் குழாய்த் தண்ணீரின் வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. மலிவான ஷாம்பு பாக்கெட்டைக் கிழித்தால் வருமே, அந்த வாசனை, அதற்கு அடியில் துருப்பிடித்த இரும்பின் வாசனை. குடத்தில் பிடிக்கும்போது மேலே நுரை கட்டும். நானும் வரிசை வீட்டுப் பிள்ளைகளும் அந்த நுரையை உள்ளங்கையில் எடுத்து ஊதி விளையாடுவோம். யாரும் எங்களைத் தடுக்கவில்லை.

அப்போது எனக்கு எட்டு வயது. ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவில், கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பிக்கொண்டிருந்த இடத்தில், எட்டுக் குடித்தனம் இருந்த "லைன் வூட்டில்" நாங்கள் வாடகைக்கு இருந்தோம். அப்பா கட்டட வேலை முடிந்து செக்யூரிட்டி ஆனவர். அம்மா பேர் அம்சா. கல்யாணத்துக்கு முன்பு நாற்று நட்டவர், களை எடுத்தவர். அந்த வேலை நன்றாக இருந்தது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை, இடுப்பு ஒடிந்ததைத்தான் சொல்வார். பிறகு அந்த நிலமெல்லாம் பிளாட் கல் நட்டு விற்றுப் போனது. அம்மா ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் தேய்க்கப் போனார். படப்பையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வரும் கீரை எங்கள் தெருவுக்கு வந்து சேரும்போது துவண்டு கிடக்கும். அந்தக் கோபத்தில்தான் அம்மா மாடியில் தோட்டம் போட்டார், வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

பார்சலில் வந்த தெர்மாகோல் பெட்டி, பெயின்ட் பக்கெட், அரிசி மூட்டை, எதுவும் வீணாகவில்லை. பக்கத்துக் கம்பெனிகளில் சரக்கு இறக்கிவிட்டுத் தூக்கிப் போட்ட "பேலட் கட்டையை" அடுக்கி அதன் மேல் பெட்டிகளை வைத்தார்கள். அஸ்திவாரம் தோண்டிப் போட்ட மண்ணை அப்பா சைக்கிளில் கொண்டுவந்தார். முதலில் சிறுகீரை, அப்புறம் அரைக்கீரை, தண்டுக்கீரை, ஓரத்தில் நாலு வெண்டை, ஒரு கொத்தவரை. அப்பா ஒருநாள் மாடிக்கு வந்து பார்த்துவிட்டு, "நெல்லு நடறதுதான் பாக்கி. எரும ஒன்னு வாங்கி ஏத்தி வுடட்டா?" என்றார். "ஏத்து, உனக்கும் பேச்சுத் தொணையா இருக்கும்" என்றார் அம்மா, தலையைக்கூட நிமிர்த்தாமல்.

தண்ணீர்தான் தகராறு. மோட்டார் தண்ணீரில் ஒரு சொட்டு மாடிக்குப் போனாலும் வீட்டைக் காலி பண்ணுங்கள் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். பாத்திரம் கழுவிய தண்ணீரையும் அரிசி களைந்த தண்ணீரையும் சேர்த்து ஊற்றிப் பார்த்தார் அம்மா. வெயிலில் பாதி பெட்டி காய்ந்து போனது. அந்த நேரம் பார்த்துத்தான் கம்பெனி தன் மதில் ஓரமாக ரோடு முழுக்க மரக்கன்று நட்டு, கூண்டு போட்டு, அவற்றுக்கு ஊற்றுவதற்காக அந்தக் குழாயை வெளியே இழுத்து வைத்தது.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. என்னை இழுத்துக்கொண்டு போய்ப் பலகைக்கு முன்னால் நிறுத்தி, "இன்னாடி எழுதிக்கீது, படி" என்றார். மூன்றாம் வகுப்பில் வாசிப்புக்கு நான்தான் முதல். ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாகப் படித்தேன். மறுசுழற்சி நீர். செடிகளுக்கு மட்டும். குடிக்க உகந்தது அல்ல.

"நாம இன்னா குடிக்கவா போறோம். கீரையும் செடிதானே" என்றார் அம்மா.

எந்தச் செடி என்று அதில் எழுதவில்லை. பார்த்துவிட்டுப் போகிற செடியா, தின்கிற செடியா என்று எழுதவில்லை. புல்தரைக்கும் ரோட்டு மரத்துக்கும் செடி என்று பேர் வைத்திருப்பது உங்கள் கம்பெனி வழக்கமாக இருக்கலாம். எங்கள் வீட்டில் செடி என்றால் அதில் ஏதாவது காய்க்கும், அல்லது அதையே கிள்ளிச் சமைப்போம். மரக்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிய காண்ட்ராக்ட் தோட்டக்காரர் கன்னியப்பனிடமும் அம்மா கேட்காமல் பிடிக்கவில்லை. "செடிக்குத்தானே, புடிச்சிக்கினு போ" என்றுதான் அவரும் சொன்னார். அவருக்கும் அந்தப் பலகையைத் தவிர வேறு எதுவும் சொல்லப்படவில்லை.

கம்பெனித் தண்ணீர் பட்டதும் கீரை எழுந்த வேகத்தை நான் கண்ணால் பார்த்தேன். கருகருவென்று பச்சை, விரல் கனத் தண்டு. லைன் வீட்டில் எட்டுக் குடித்தனமும் சாப்பிட்டது. அம்மா விற்கவில்லை, கொடுத்தார். கடைசி அறையில் தங்கியிருந்த தென்மாவட்டத்துப் பையன்கள் ஷிப்ட் முடிந்து வந்து, "யக்கா, ஒரு கட்டு குடுங்க, கேன்டீன் சாம்பார் குடிச்சு நாக்கு செத்துப்போச்சு" என்று நிற்பார்கள். பக்கத்து வீட்டு ஞானம் பெரியம்மா ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும் முன் மாடிக்கு வந்து, அம்மாவைக் கேட்காமலே கிள்ளிக்கொண்டு போகும் உரிமை உள்ளவர். அவருடைய சின்ன மகள் எஸ்தருக்குக் கைக்குழந்தையில் ஊட்டிய முதல் கீரைச் சாதம் எங்கள் மாடிக் கீரையில் பிசைந்தது. பெரியம்மா அதைச் சொல்லிச் சொல்லி அம்மாவைப் பூரிக்க வைத்தார். கேன்டீனில் தட்டு கழுவுகிற அம்மாவை அந்தத் தெரு "கீரைக்கார அம்சா" என்று கூப்பிட்ட இரண்டு வருஷமும் அவர் நிமிர்ந்து நடந்தார். அதற்கு முன்பும் பின்பும் நான் அதைப் பார்த்ததில்லை.

மூன்றாவது வருஷம் ஒரு காலையில் ஜீப்பில் மூன்று பேர் வந்தார்கள். எந்த ஆபீஸ் என்று சொல்லவில்லை. குழாயில் தண்ணீரை பாட்டில்களில் பிடித்தார்கள். யாரோ கைகாட்டியிருக்க வேண்டும், அப்படியே எங்கள் மாடிக்கும் வந்துவிட்டார்கள். மூவரும் கையுறை போட்டிருந்தார்கள். கீரையைப் பிடுங்குவதற்குத் தடுமாறியவரைப் பார்த்து அம்மா சிரித்துக்கொண்டே, "கையால கிள்ளுங்க சார், அதுல முள்ளு கெடயாது" என்றார். அவர் கையுறையைக் கழற்றவே இல்லை. கீரையையும் கொஞ்சம் மண்ணையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு ஒட்டி, ஒரு காகிதத்தில் அம்மாவின் கைநாட்டை வாங்கிக்கொண்டு, ரிசல்ட் வரும் என்று சொல்லிவிட்டு இறங்கினார்கள். அவர்கள் போன பிறகும் அம்மா ரொம்ப நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒரே வாரத்தில் குழாய் இல்லை. பலகை இல்லை. சுவரில் குழாய் வந்த ஓட்டையைச் சிமெண்ட் வைத்துப் பூசி, மேலே வெள்ளையும் அடித்துவிட்டார்கள். அம்மா கம்பெனி கேட்டில் போய் நின்றார். செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. கன்னியப்பனை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அவரைப் பஸ் ஸ்டாப்பில் பிடித்துக் கேட்டதற்கு, "எனக்கு ஒன்னும் தெரியாது அம்சா, என்ன இதுல இழுக்காத" என்று சொல்லிவிட்டு வந்த பஸ்ஸில் ஏறிக்கொண்டார். அது அவர் போகவேண்டிய பஸ்கூட இல்லை.

அன்றைக்கே அம்மா எல்லாச் செடியையும் பிடுங்கினார். பிடுங்கியதை எங்கே போடுவது? மாட்டுக்குப் போட மனம் வரவில்லை. எரித்தால் புகையை யார் மூச்சில் இழுப்பது? செடியாவது காய்ந்து சுருங்கியது, மண் சுருங்குமா? பக்கத்துக் காலி பிளாட்டில் கொட்டப் போனார். அங்கே பிள்ளைகள் கோலி ஆடினார்கள். ஏரிப் பக்கம் தூக்கிப் போனார். அங்கே ஆடு மேய்ந்தது. தலையில் பெட்டியை வைத்துக்கொண்டு அவர் போனதையும், அதே பெட்டியோடு திரும்பி வந்ததையும் நான் வாசலில் நின்று பார்த்தேன். கடைசியில் மண்ணை மாடி மூலையிலேயே தார்ப்பாய் போட்டு மூடி வைத்தார். நாங்கள் வீடு மாறிய பிறகு வீட்டுக்காரர் அதைக் கீழே தள்ளிவிட்டாராம். எங்கே தள்ளினார் என்று தெரியாது.

ரிசல்ட் வரவில்லை. இன்று வரை வரவில்லை.

இப்போது எனக்கு முப்பதுக்கு மேல். அம்மாவுக்கு இரண்டு வருஷமாகச் சிறுநீரகம் சரியில்லை. கீரையால்தான் என்று நான் சொல்லவில்லை. டாக்டரும் சொல்லவில்லை, ஆயிரம் காரணம் இருக்கும் என்றார். எனக்குத் தெரியாது, அதுதான் என் பிரச்சினை. அம்மாவின் கவலை தன் உடம்பைப் பற்றியதுகூட இல்லை. போன வருஷம் மணிமங்கலத்தில் ஒரு கல்யாணத்தில் ஞானம் பெரியம்மாவைப் பார்த்தோம். எஸ்தருக்குச் சின்ன வயதிலிருந்தே தோலில் புண், எவ்வளவு வைத்தியம் பார்த்தும் முழுசாக ஆறவில்லை, முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டுதான் வந்திருந்தாள். பெரியம்மா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ குடுத்த கீரையாலதான்னு நான் ஒரு நாளும் நெனச்சதில்ல அம்சா" என்றார். யாராவது அப்படி நினைத்திருக்கலாம் என்று அம்மா அதுவரை வெளியே சொன்னதே இல்லை. பந்தியில் உட்காராமல் வந்துவிட்டோம். பஸ்ஸில் வரும்போது என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "நீதானேடி படிச்ச. சரியாத்தானே படிச்ச?"

சரியாகத்தான் படித்தேன்.

இந்த வருஷம் அதே கம்பெனி எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் செடி வளர்க்கும் பையும் விதையும் கொடுத்தது. நகரத்தில் விவசாயம், நம் உணவை நாமே வளர்ப்போம் என்று பேனர். என் மகளும் கம்பெனி முத்திரை போட்ட பையோடு வந்தாள். அந்தத் திட்டத்தைப் பற்றிப் பேச உங்கள் ஆள் கிராம சபைக்கு வந்தபோது நான் எழுந்து, இருபது வருஷத்துக்கு முன்பு எங்கள் மாடியில் எடுத்துக்கொண்டு போன கீரையின் ரிசல்ட் என்ன என்று கேட்டேன். ஃபைலைப் பார்த்துச் சொல்கிறோம் மேடம் என்றார். அடுத்த நாள் என் வீட்டுக்காரருக்கு வேலை கொடுக்கும் காண்ட்ராக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க வூட்டம்மாவ கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லு" என்றார். என் வீட்டுக்காரர் வேறு கம்பெனியில்தான் வேலை செய்கிறார், ஆனால் இரண்டு கம்பெனிக்கும் ஆள் அனுப்புவது அந்த ஒரே காண்ட்ராக்டர். என் வீட்டுக்காரர் என்னைத் திட்டவில்லை. வேலை போனால் என்ன செய்வது என்று மட்டும் கேட்டார். அதனால்தான் இங்கே கம்பெனி பேரை எழுதவில்லை. எழுதத் துணிச்சல் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த லைன் வீடு இப்போது இல்லை, இடித்து ஹாஸ்டல் கட்டிவிட்டார்கள். கன்னியப்பன் செத்துப்போனார். தென்மாவட்டத்துப் பையன்கள் எந்த ஊரில் எப்படி இருக்கிறார்களோ, அவர்களைத் தேட எனக்கு வழி இல்லை. ரோட்டோர மரக்கன்றுகளில் நாலு மட்டும் பெரிய மரமாக நிற்கின்றன, அவற்றின் நிழலில் ஷேர் ஆட்டோ நிறுத்துகிறார்கள்.

அடுத்த கிராம சபைக்கு வாருங்கள். அந்த ரிசல்ட் காகிதத்தோடு வாருங்கள். தண்ணீரில் என்ன இருந்தது, கீரையில் என்ன இருந்தது என்று தமிழில் படியுங்கள். ஒன்றும் இல்லை என்றால் ஒன்றும் இல்லை என்று சொல்லுங்கள். தொலைத்துவிட்டீர்கள் என்றால் தொலைத்துவிட்டோம் என்று சொல்லுங்கள். வீட்டுக்கு ஆள் அனுப்பி எங்கள் அம்மாவிடம் ரகசியமாகச் சொல்ல வேண்டாம். ஞானம் பெரியம்மா வருவார், எஸ்தரும் வருவாள். அவர்கள் காதில் விழும்படி மைக்கில் சொல்லுங்கள்.