வரைபடத்தின் வலது ஓரம்

முதலாண்டு மாணவிகளுக்கு நான் புள்ளியியல் எடுக்கத் தொடங்கிய வருடம் என் கணவர் கப்பலில் இருந்தார். சரக்குக் கப்பலில் இன்ஜினியர். தூத்துக்குடித் துறைமுகத்துக்கு எத்தனையோ கப்பல்கள் வந்துபோகும். அவருடையது மட்டும் வராது. அது தென்னமெரிக்கப் பக்கம் சோயாவும் கோதுமையும் ஏற்றிக்கொண்டு திரிந்தது. காலையில் கல்லூரி பஸ்ஸில் போகும்போது உப்பளங்களுக்கு அப்பால் கிரேன்களின் தலை தெரியும். அந்தப் பக்கம் பார்க்காமல் உட்காரப் பழகியிருந்தேன்.

தரவு சேகரிப்பதற்குப் பாடப்புத்தகத்தில் இருந்த உதாரணம் ஒரு தொழிற்சாலையில் செய்த பல்புகளின் ஆயுளைப் பற்றியது. பிள்ளைகளுக்கு அதில் மனம் ஒட்டவில்லை. அதனால் ஒருநாள் கரும்பலகையில் ஒரே ஒரு கேள்வியை எழுதினேன். உங்கள் வீட்டிலிருந்து வெளியே போயிருப்பவர் கடைசியாக வந்துபோய் எத்தனை மாதம் ஆகிறது? பெயர் வேண்டாம், எண்ணை மட்டும் துண்டுத்தாளில் எழுதி மடித்துத் தாருங்கள் என்றேன். ஏன் இந்தக் கேள்வி என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியாது.

தாள்கள் குவிந்தன. எங்கள் பக்கம் ஆள் வெளியே போகாத வீடு குறைவு. கப்பல், மாலத்தீவுக்குப் போகும் தோணி, வளைகுடா, ராணுவம், சென்னையில் மளிகைக்கடை என்று ஏதாவது ஒன்று இருக்கும். எண்களைப் பிரித்து, குறியிட்டு எண்ணி, அட்டவணை போட்டு, பலகையில் பட்டைகளாக வரைந்தோம். வலப்பக்கம் போகப் போக மாதம் கூடும், உயரம் வீடுகளின் எண்ணிக்கை. முதல் பட்டை குட்டை. மூன்றாவது பட்டைதான் எல்லாவற்றிலும் உயரம். அதன் பிறகு படிப்படியாக இறங்கி ஓய்ந்துவிட்டது. பிறகு வெகுதூரம் வெறுமை. பலகையின் வலது ஓரத்தில், மற்ற எதனோடும் சேராமல், ஒரே ஒருவருக்கான ஒரு சின்னப் பட்டை.

சராசரி கண்டுபிடித்தபோது பிள்ளைகளுக்கு ஆச்சரியம். பெரும்பாலான வீடுகளுக்கு அது பொருந்தவில்லை. அந்தக் கடைசி எண்தான் மொத்தச் சராசரியையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து, யாரோ ஒரு சைபரைக் கூடப் போட்டிருப்பார்கள், அதை எடுத்துவிட்டால் கணக்கு சரியாகிவிடும் என்றாள். பலர் தலையாட்டினார்கள்.

சாயர்புரம் பக்கமிருந்து வரும் பெண் ஒருத்தி எப்போதும் பின்வரிசையில் உட்காருவாள். அதிகம் பேசமாட்டாள். உட்கார்ந்தபடியே சொன்னாள்.

"தப்பில்ல மிஸ். அது எங்க அப்பா."

அவளாகவே மீதியையும் சொன்னாள், பரீட்சைக் கேள்விக்குப் பதில் சொல்வதுபோல. அவள் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பில் இருந்தபோது அப்பா வளைகுடாவில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனார். விசாவில் ஏதோ சிக்கல். அது தீராமல் அங்கிருந்து கிளம்ப முடியாது. வெள்ளிக்கிழமைகளில் போன் பேசுவார்.

அன்றைக்கு நடத்த நினைத்திருந்ததை விட்டுவிட்டு இடைநிலையைப் பற்றிச் சொன்னேன். எல்லாரையும் குறைந்ததிலிருந்து கூடியது வரை வரிசையாக நிறுத்தி, நடுவில் நிற்பவரைக் கேட்பதுதான் இடைநிலை. கடைசியில் நிற்பவர் எவ்வளவு தள்ளிப் போனாலும் நடுவில் நிற்பவருக்கு ஒன்றும் ஆகாது. அதனால் இந்த மாதிரித் தரவுக்கு அது நல்லது என்றேன்.

அவள் கை தூக்கினாள். "அப்ப எங்க அப்பா இன்னும் எத்தன வருஷம் வராட்டியும் அதுக்குத் தெரியாதா மிஸ்?"

"தெரியாது."

"சராசரிக்கு?"

"தெரியும்மா."

"அப்ப ரெண்டையும் எழுதிருவோம் மிஸ்."

இரண்டையும் எழுதினோம்.

துறை விழாவுக்கு அந்தப் படத்தையே பெரிதாக வரைந்து மாட்ட வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள். சார்ட் தாளில் கடைசிப் பட்டைக்கு இடம் போதவில்லை. நடுவில் ஒரு நெளிகோடு போட்டு வெற்றிடத்தைச் சுருக்கலாம், அப்படியொரு வழக்கம் உண்டு என்றேன். சாயர்புரத்துப் பெண் இன்னொரு தாளை வாங்கிவந்து பக்கத்தில் ஒட்டினாள். அதுவும் போதாமல் மறுபடியும் ஒன்று ஒட்டினாள்.

விழாவன்று அவளுடைய அம்மா வந்திருந்தார். வீட்டில் தையல் மிஷின் வைத்திருப்பவர். புதுச் சேலையின் மடிப்பு இன்னும் கலையவில்லை. படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். பிறகு மகளிடம் மெதுவாகக் கேட்டார்.

"இதுல அவிய எங்கன நிக்காவ?"

மகள் கையைப் பிடித்து வலது ஓரத்துக்குக் கூட்டிப்போனாள்.

"எல்லாரும் அங்கன கூட்டமா நிக்காவ. அவிய மட்டும் இங்கன தனியா நிக்காவளே. கொஞ்சம் பக்கத்துல தள்ளிப் போட்டா என்னளா?"

"நம்ம தள்ளக் கூடாதும்மா. அப்பா வந்தாத்தான் நவுரும்."

அவர் பட்டைகளுக்கு நடுவே வெறுமையாகக் கிடந்த தாளில் உள்ளங்கையை வைத்து, துணியின் சுருக்கத்தை எடுப்பதுபோல ஒரு முறை தடவினார். பிறகு என் பக்கம் திரும்பி, எங்கள் வீட்டில் யார் வெளியே இருக்கிறார்கள் என்று கேட்டார். பிள்ளைகளில் ஒருவர்கூட என்னிடம் அதைக் கேட்டதில்லை. என் கணவரைப் பற்றிச் சொல்லி, கணக்கில் அவரைச் சேர்க்கவில்லை, சேர்த்திருந்தால் இங்கே வருவார் என்று மூன்றாவது பட்டையைக் காட்டினேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "கூட்டத்தோடதான நிக்காவ. வந்துருவாவ டீச்சர்."

எனக்காக அவர் உண்மையிலேயே சந்தோஷப்பட்டார். ஆனால் என் கணவர் அத்தனை பேரோடு சேர்ந்து நிற்கிறார் என்பது அன்று மாலை வீட்டுக்குள் நுழைந்தபோது எனக்கு ஒரு உதவியும் செய்யவில்லை. அவருடைய சட்டை ஒன்றை எடுத்துத் துவைத்துக் காயப்போட்டேன். அது அழுக்காக இல்லை.

என் கணவர் வந்தார். போனார். மறுபடியும் வந்து, மறுபடியும் போனார். அந்தப் பெண் மூன்றாம் ஆண்டுக்கு வந்திருந்தாள். ஒரு சனிக்கிழமை பழைய பஸ் நிலையத்துக்கு எதிரே அவர்கள் மூவரையும் பார்த்தேன். நடுவில் நின்ற மனிதருக்குத் தலை முழுக்க நரை. எந்தப் பக்கமிருந்து வண்டி வருகிறது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊர் அவருக்குத் தெரியாத ஊராகியிருந்தது. மனைவி அவருடைய முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு அருகே பிடித்துக்கொண்டு, வண்டிகள் ஓய்ந்ததும் இழுத்துக்கொண்டு சாலையைக் கடந்தார். மகள் பைகளோடு பின்னால் வந்தாள்.

இந்தப் பக்கம் வந்ததும் அந்த அம்மா என்னைக் கவனித்தார். பிடியை விடவில்லை. தலையை மட்டும் கணவர் பக்கம் லேசாகச் சாய்த்துக் காட்டினார். நானும் தலையாட்டினேன். பக்கத்தில் போய்ப் பேசத் தோன்றவில்லை.

மார்க்கெட்டில் எனக்கு மட்டும் போதுமான அளவு சாளை வாங்கிக்கொண்டு நின்றேன். அந்த மாதம் என் கணவருடைய கப்பலுக்கு மாற்று ஆள் வருவது தள்ளிப்போய், அவர் ஊர் திரும்புவதும் தள்ளிப்போயிருந்தது. போனை எடுத்து, இன்றைக்கு ஒருவர் ஊருக்கு வந்திருக்கிறார் என்று அவருக்கு எழுதினேன். கப்பல் நடுக்கடலில் இருந்திருக்க வேண்டும். செய்தி போய்ச் சேராமல் ஒற்றை டிக்கோடு நின்றது. வெயில் ஏறும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, மீன் கெட்டுவிடுமே என்று வீட்டுக்கு நடந்தேன்.