தூளிக் கொக்கியில் பவுலின்

என் மனைவி பவுலின் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் அதை விற்க நினைப்பவர் அவள் பின்னாலேயே நடக்க ஆரம்பித்துவிடுவார். சுடிதாருக்கு மேல் என்னுடைய பழைய முழுக்கைச் சட்டை, தோளில் கயிற்றுச் சுருள், கையில் டார்ச். செருப்பைக் கழற்றும்போதே அவள் கண் நிலைப்படிக்குப் போய்விடும். சுவரை நாணயத்தால் தட்டிக்கொண்டே நடப்பாள். பூச்சு உள்ளே சுவரை விட்டுப் பிரிந்திருந்தால் சத்தம் மாறிவிடும். மொட்டைமாடியில் தண்ணீர் போகும் குழாயை அடைத்து, தண்ணீர் கட்டி, மறுநாள் வந்து கீழிருந்து கூரையை அண்ணாந்து பார்ப்பாள். விற்பவர், "போதும்மா, டீ ஆறிப்போவுது" என்பார். "ஆறட்டும், இன்னும் பாத்ரூம் பாக்கல" என்பாள். மெதுவாகப் பேசவே தெரியாது. அடக்கம் அவள் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. வாரநாட்களில் நான் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியர் அந்தோணிதாஸ். சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகும் அவளுக்கு வண்டி ஓட்டி, ஏணி பிடிக்கிற ஆள்.

வீடு வாங்குபவர்களுக்காக, வாங்குவதற்கு முன் அந்த வீட்டைப் பரிசோதித்துச் சொல்வது அவள் தொழில். சிவில் டிப்ளமோ முடித்துச் சென்னையில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் இருந்தவள். பார்க்காத வேலையைப் பார்த்ததாகக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள் என்று ஒரே நாளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கே வந்துவிட்டாள். அப்போதுதான் ஊர் தனி மாவட்டமாகி, பேருந்து நிற்காத இடத்தில்கூட மனை போட்டுக்கொண்டிருந்தார்கள். "வூட்டப் பாக்கறதுக்கு ஒரு ஆளா? எங்களுக்குக் கண்ணு இல்லியா?" என்று சிரித்தார்கள். இங்கே வீடு வாங்குபவர்கள் பார்ப்பதெல்லாம் வாசல் எந்தத் திசை, முன்னால் குடியிருந்தவர்கள் நன்றாக இருந்தார்களா என்பதுதான். பிறகு ஒரு மழைக்காலத்தில், கல்வராயன் மலைப்பக்கம் கொட்டிய மழை நான்கு நாள் விடாமல் இங்கேயும் பெய்தது. பவுலின் 'வேண்டாம்' என்று சொல்லியும் வாங்கியவர்கள் வீட்டுக்குள் குடை பிடித்தார்கள். அதற்குப் பிறகு மணலூர்பேட்டையிலிருந்தெல்லாம் ஃபோன் வர ஆரம்பித்தது.

அவள் தரும் அறிக்கையின் கடைசி வரிதான் எனக்குத் தலைவலி. 'நான் பார்த்தேன். தவறினால் நான் பொறுப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள். எந்தச் சட்டமும் அவளை அப்படி எழுதச் சொல்லவில்லை. "இன்னா பவுலின், யாரு கேட்டா இந்த வரிய? நாளைக்கு எவனாவது கேஸ் போட்டா இருக்கிறது நம்ம வூடு ஒண்ணுதான்" என்பேன். "அந்த வரி இல்லன்னா எதுக்குங்க என்னக் கூப்பிடணும்? வழியில போறவன கூப்பிட்டுக் கேட்டுக்கலாமே" என்பாள்.

அவளுடைய இன்னொரு பழக்கம் தூளிக் கொக்கி. எங்கள் வட்டாரத்து வீடுகளில் நடு அறைக் கூரையில் ஒரு இரும்புக் கொக்கி இருக்கும். பிள்ளை பிறந்ததும் அதில் சேலையைக் கட்டித் தூளி போடுவார்கள். காங்கிரீட் போடும் முன்பே அதைக் கூரைக் கம்பியோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும். அவசரத்தில் மறந்துவிட்டவர்கள் பிறகு துளை போட்டு, கொக்கியைச் செருகி, சிமெண்டை அப்பிப் பெயிண்ட் அடித்துவிடுவார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். இழுத்துப் பார்க்கலாம் என்றால், வெறும் தூளியை ஆட்டக் கூடாது, பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். பிள்ளை பிறக்கும் முன் தூளி கட்டுவதும் ஆகாது. பவுலின் எந்த வீட்டுக்குப் போனாலும் அந்தக் கொக்கியில் கயிற்றை மாட்டி, முடிச்சுப் போட்டு, அதில் தானே உட்கார்ந்து நாலு குலுக்குக் குலுக்குவாள். என் மனைவி நல்ல கனம். வீட்டுப் பெரியவர்கள் அபசகுனம் என்று காதைப் பொத்திக்கொள்வார்கள்.

தியாகதுருகத்தில் சிவசங்கர், தனுஷா என்ற இளம் தம்பதி ஒரு புது வீடு வாங்க முன்பணம் கொடுத்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார்கள். தனுஷாவுக்கு ஏழு மாதம். விற்பவர் ஆதிமூலம், கரும்பு விவசாயி. விற்பதற்கென்றே கோட்டை மலை தெரிகிற மாதிரி ஒரு வீடு கட்டியிருந்தார். நன்றாகவே கட்டியிருந்தார், பவுலினே இரண்டு இடத்தில் தலையை ஆட்டினாள். கடைசியில் கயிற்றை எடுத்தாள்.

"இன்னாம்மா இது, புது வூட்ல ஊஞ்சலாடிக்கினு? நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல" என்றார் ஆதிமூலம்.

"ஆடறதுக்கு இல்லீங்க. ஒரு நிமிஷம்."

உட்கார்ந்தாள். ஒரு குலுக்கு. இரண்டாவது குலுக்கில் கொக்கி, சாப்பாட்டுத் தட்டு அளவு காரையோடு பெயர்ந்து வந்தது. காரைக்கட்டி அவள் தோளில் விழுந்தது. அவள் தரையில் விழுந்தாள். ஊன்றிய வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. நான் ஓடிப்போய்த் தூக்கினேன். வலியில் முகமெல்லாம் வியர்த்திருந்தது. ஆனாலும் விரலால் கொக்கியைக் காட்டி, "பாத்தீங்களா, கம்பில கட்டவே இல்ல" என்றாள். தனுஷா வயிற்றின்மேல் கையை வைத்தபடி கூரையில் இருந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீடு வேண்டாம் என்று அன்றைக்கே முன்பணத்தைத் திருப்பிக் கேட்டுவிட்டார்கள்.

பத்து நாள்கூட ஆகவில்லை, ஆதிமூலத்தின் வக்கீலிடமிருந்து நோட்டீஸ் வந்தது. வீடுகளைப் பரிசோதிக்க எந்த உரிமமும் இல்லாத நபர் கூரையைச் சேதப்படுத்தி விற்பனையைக் கெடுத்துவிட்டார். நஷ்டஈடு தர வேண்டும். எனக்குச் சோறு இறங்கவில்லை. நியாயம் வேறு, கோர்ட்டு வேறு. எவ்வளவு கேட்பார்களோ, எத்தனை வருடம் இழுப்பார்களோ. வங்கிக் கடனில் நாங்கள் கட்டிய வீட்டின் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

"போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டு வந்துரலாம் பவுலின்."

"எதுக்கு?"

"தொங்கினதுக்கு."

"நான் தொங்கலன்னா அந்த வூட்ல மொதல்ல யாருங்க தொங்கறது?"

வெறும் தூளியை ஆட்டாத ஊரில், கொக்கி முதன்முதலாகத் தாங்கிப் பார்க்கும் எடை ஒரு பச்சைக்குழந்தை. இத்தனை வருடம் ஏணி பிடித்தவனுக்கு அது அன்றைக்குத்தான் உறைத்தது. உறைத்தாலும் பயம் போகவில்லை, அது வேறு விஷயம்.

அந்தச் சமயத்தில்தான் வீட்டுப் பரிசோதகர்களுக்கு உரிமம் கட்டாயம் என்று ஒரு சட்ட முன்வரைவை அரசு சுற்றுக்கு விட்டுக் கருத்துக் கேட்டிருந்தது. உரிமம் வாங்கியவர், தான் பார்க்கும் வீட்டில் எதையும் தொட்டுச் சோதிக்கலாம். ஆனால் பார்க்க வேண்டியவை என்று அதில் இருந்த பட்டியலில் ஒன்றைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டால் ஐந்து வருடம் வரை நஷ்டத்துக்கு அவரே பொறுப்பு. சுற்றுப்பட்ட மாவட்டங்களில் இந்தத் தொழில் செய்பவர்கள் உளுந்தூர்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூடினார்கள். சங்கத் தலைவர் ஜீவா நல்ல மனிதர், நாலு பேருக்கு உதவுகிறவர். உரிமத்தை வரவேற்போம், ஆனால் வாங்கிய கட்டணத்துக்கு மேல் பரிசோதகர் பொறுப்பில்லை என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி எழுதுவோம் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். பின்வரிசையில் இருந்த நானும் தட்டினேன். என் பக்கத்து நாற்காலி காலியாவதைப் பார்த்ததும் தட்டுவதை நிறுத்திவிட்டேன்.

பவுலின் மாவுக்கட்டுப் போட்ட கையோடு மைக்கைப் பிடித்திருந்தாள்.

"சார், ஒரு கொக்கி விழுந்தா போற உயிருக்கு என் கட்டணத்தையா திருப்பிக் குடுக்கறது? உரிமம் வேணும், பொறுப்பு வேணாம்னா, அந்தக் காகிதத்த பிரேம் போட்டு மாட்டிக்கினு இன்னா பண்றது? என் மேல இப்ப நோட்டீஸ் இருக்கு. எனக்கும் பயம் இருக்கு. ஆனா பயம் இருந்தாத்தான் சார் ரெண்டாவது தடவ குலுக்கிப் பாப்போம். அந்த லிஸ்ட்ல தூளிக் கொக்கின்னு ஒரு வார்த்த சேக்கச் சொல்லுங்க."

"கொக்கி அக்கா" என்று யாரோ சொல்ல, மண்டபம் சிரித்தது. ஓட்டுக்கு விட்டபோது அவள் பக்கம் தூக்கிய கைகளை எண்ண ஒரு கை விரல்களே அதிகம். அவள் தோற்றுவிட்டாள். ஆனால் மேடையிலிருந்து இறங்கியபோது தலையை அவ்வளவு நிமிர்த்திக்கொண்டு வந்தாள், என்னால் அவளைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. என் பெண்டாட்டி என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். அவர் கேட்கவே இல்லை, நானாகத்தான் சொன்னேன்.

அதற்கடுத்த ஞாயிறு, பூசை முடிந்து வந்தால் எங்கள் வாசலில் ஆதிமூலம் நிற்கிறார். மாடு முட்ட வந்தது மாதிரி எனக்குக் கால் பின்னே போனது. அவரோ துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"மேடம், எம்பொண்ணு சுபஸ்ரீ பிரசவத்துக்கு வந்து எங்கூட்டோட இருக்குது. பேரப்பையன் பொறந்து ரெண்டு மாசம். அந்தக் கொக்கி போட்ட மேஸ்திரிதான் எங்கூட்டுக்கும் போட்டான். நேத்துதான் ஞாபகம் வந்துச்சு. ராத்திரியெல்லாம் கொயந்தைய மடியிலியே வெச்சிக்கினு ஒக்காந்திருந்தோம்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வந்து ஒரு தபா பாத்துருங்க. நோட்டீஸ வாபஸ் வாங்கிக்கறேன்."

"அது வேற, இது வேற" என்றாள் பவுலின். "நோட்டீஸுக்கு நான் கோர்ட்ல பதில் சொல்லிக்கிறேன். வாங்க போவலாம். ஏங்க, கயித்த எடுங்க."

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஆதிமூலம் இருந்ததால் கயிற்றை மட்டும் எடுத்தேன்.

அவர் வீட்டு நடு அறையில் சேலைத் தூளி அவிழ்த்து மடித்து வைக்கப்பட்டிருந்தது. சுபஸ்ரீ பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். பவுலின் கொக்கியின் அடியை டார்ச் அடித்துப் பார்த்தாள், என்னை ஏணியில் ஏற்றித் தட்டச் சொல்லிச் சத்தத்தைக் கேட்டாள். பிறகு கயிற்றில் நான் முடிச்சுப் போட்டதும் தன் மாவுக்கட்டைத் தூக்கிக் காட்டினாள்.

"என்னால ஒக்கார முடியாது. நீங்க ஒக்காருங்க."

"நானா?"

"உங்க வெயிட்டு பத்தாது. மடியில ஒரு அரிசி மூட்ட வெச்சிக்கலாம்."

தோளில் துண்டு போட்ட அப்பாவும், பிள்ளை பெற்ற மகளும் பார்த்துக்கொண்டிருக்க, அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் அரிசி மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கயிற்றில் தொங்கினார். "குலுக்குங்க" என்றாள். குலுக்கினேன். "இன்னும் ஜாஸ்தி." கண்ணை மூடிக்கொண்டு, மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டு குலுக்கினேன். ஒன்றும் ஆகவில்லை. கொக்கியைச் சுற்றி மயிரிழைக் கோடுகூட விழவில்லை. இந்த வீட்டில் மேஸ்திரி ஒழுங்காகக் கம்பியில் கட்டித்தான் போட்டிருந்தான்.

விழுந்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். விழுந்த கொக்கிக்கு யாரும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

பவுலின் சொல்லச் சொல்ல நான் அறிக்கையை எழுதினேன். கடைசி வரியும் வந்தது. எழுதிவிட்டுப் பேனாவை அவள் இடது கைக்கு நீட்டினேன்.

"தொங்கினது யாரு?" என்றாள்.

"நானு."

"அப்ப நீங்க போடுங்க."

'நான் பார்த்தேன். தவறினால் நான் பொறுப்பு.' என் கைப்பட எழுதியிருந்த வரியை நானே படித்தேன். நோட்டீஸும், எங்கள் வீடும், மண்டபத்தில் நான் தட்டிய கைதட்டலும் ஞாபகத்துக்கு வந்தன. சுபஸ்ரீ தூளிச் சேலையைக் கொக்கியில் மாட்டி முடிச்சை இறுக்கினாள். பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றாள். அவள் கொக்கியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"படுக்க வைக்கலாமா சார்?"

முழுப்பெயரும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு சொன்னேன்: "படுக்க வைங்கம்மா."